ஒன்பதாம் அத்தியாயம்

பீல் நகரம். புதன் இரவுக் காட்சி.
ஒன்பதே பேர், குடைகளோடு.
அறுநூறு பக்க இந்தோனேசிய நாவலாம்;
மூழ்கிய கப்பலொன்று கதை சொல்லுமாம்,
கடைசி அத்தியாயத்தில் தொடங்கி முதலுக்கு.
இதை எவன் படமெடுப்பான் என்றார்களாம்.
எடுத்துவிட்டான்.

நாற்பதாவது நிமிடம் திரை கறுத்தது.
பல்பைத்தான் சந்தேகித்தேன்.
ப்ரொஜெக்டரைத் தொட்டால் சுடுகிறது:
இருட்டைக் காட்டிக்கொண்டிருக்கிறது, ஒழுங்காக.

ஏபிஷர் கதவைத் தட்டினார்.
"காசு திரும்பக் கிடைக்குமா?"
"இது ஒன்பதாம் அத்தியாயம்" என்றேன்,
படித்தவன் மாதிரி.

அப்போது துருப்பிடித்த ஒரு குரல்
கப்பால் என்றது.
மறுபடியும், கப்பால்.
ஜெர்மன் எழுத்து கீழே வர
இன்னும் ஒரு விநாடி இருந்தது.
அந்த விநாடியில்
அரங்கிலேயே எனக்கு மட்டும் தெரியும்
என்ன மூழ்கியதென்று.

ஏபிஷர் இறங்கிப் போகவில்லை.
என் ஸ்டூலை இழுத்துப் போட்டு
உட்கார்ந்துவிட்டார்.