(இ) வினா எழவில்லை

நாலு மணிக்கு மேல் வந்தது தாள்.
'சட்டமன்றப் பொருள், மிக அவசரம்' என்பதன் அடியில்
சிவப்பு மையில் இரண்டு கோடு.
காலை பத்துக்குள் விடை சென்னையில் இருக்க வேண்டும்.

(அ) திருப்பாலைக்குடியில் நண்டுச் சதை பதனிடும் கூடம்
கட்டப்பட்டுள்ளதா; ஆம் எனில், செலவு எவ்வளவு;
(ஆ) அது இயங்குகிறதா; பயன் பெறுவோர் எத்தனை பேர்;
(இ) இயங்கவில்லை எனில், காரணம் என்ன?

நல்ல கேள்விகள்தான்.
தேவிபட்டினம் தாண்டிப் பேருந்து குலுங்கும்போதெல்லாம்
வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்,
பரீட்சைக்குப் போகிறவன் போல.

கூடம் இருந்தது.
(அ)வுக்கு 'ஆம்' என்று அங்கேயே எழுதிக்கொண்டேன்.
வெள்ளை டைல்ஸ் இருந்தது.
குளிர்பெட்டி இருந்தது, உறை கிழிக்காமல்,
பிறந்த வீட்டுச் சீர் போல.
மின்சாரம் இல்லை.
கம்பம் வந்துவிட்டது, கம்பி வரவில்லை.
கம்பிக்கு எழுதிய கடிதம்
வைப்புத்தொகை கேட்டுத் திரும்பியிருக்கிறது.
வைப்புத்தொகைக்கு எழுதிய கடிதம்
எந்தக் கணக்குத் தலைப்பில் என்று கேட்டுத் திரும்பியிருக்கிறது.
திறப்பு விழாக் கல்லின் மேல்
யாரோ வலை காயப்போட்டிருந்தார்கள்.
தேதி மட்டும் கண்ணிகளுக்குள் தெரிந்தது.

பத்தடி தள்ளி, கீற்றுக் கொட்டகையில்
அவித்த நண்டு உடைத்துக்கொண்டிருந்தார்கள்
ஏழெட்டுப் பெண்கள்.
ஏற்றுமதிக் கம்பெனி வண்டி ஆறரைக்கு வரும்.
ஐஸ் அதற்கு முன்னால் கரைந்தால்
கிலோவுக்குப் பத்து ரூபாய் பிடித்துக்கொள்வார்கள்.
நகக்கண்ணில் ஓடு ஏறினால்
உறிஞ்சித் துப்பிவிட்டு அடுத்ததை எடுக்கிறார்கள்.

"பயனாளிகள் நாற்பத்தேழு பேர்" என்றேன்,
திட்ட அறிக்கையைப் பார்த்து.

பூமயில் முழங்கையால் நெற்றியைத் துடைத்தாள்.
"நாப்பத்தேழுல நான் எத்தனாவது சார்?"

தாளைத் திருப்பிப் பார்த்தேன்.
"எண்ணிக்கைதான் இருக்கு. பேரு இல்ல."

"அப்ப நாப்பத்தெட்டு பேரா இருந்தாலும் தெரியாது"
என்றாள் செய்யதம்மாள்.
சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.
அப்புறம் ஓடு உடைகிற சத்தம்.
வாடைக்காற்று,
அதில் நண்டுக் கழிவின் நாற்றம்.
ஆறே முக்காலுக்குத்தான் வந்தது வண்டி.
பத்து ரூபாய் பிடித்தார்களா என்று நான் கேட்கவில்லை.
அது வினாவில் இல்லை.

இரவு அலுவலகத்தில் வரைவு.
'கூடம் இயங்கவில்லை' என்று எழுதினேன்.
உதவி இயக்குநர் கெட்டவர் இல்லை,
மகளின் பிறந்தநாளை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்.
அந்த வரியை அடித்துவிட்டு
'பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் பணி முன்னேற்றத்தில் உள்ளது' என்றார்.
"பொய் இல்லையே?" என்று கேட்கவும் செய்தார்.
யோசித்தேன்.
கம்பம் வந்திருக்கிறது.
பொய் இல்லை சார்.

பணி முன்னேறுகிறது என்று ஆனபின்
காரணம் கேட்பதற்கு என்ன இருக்கிறது?
(இ) வினா எழவில்லை.
கணினியின் எழுத்துப்பிழை திருத்தி
அதை 'எழவு இல்லை' என்று பிரித்துக் காட்டியது.
சேர்த்து எழுதி அனுப்பினேன்.

கேள்வி நேரத்தில் நம்முடையது பதினோராவது.
ஏழாவதிலேயே கூச்சல், ஒத்திவைப்பு.
மற்ற விடைகள் மேசைமீது வைக்கப்பட்டதாகக் கொள்ளப்பட்டன.
எண்பத்தாறு இலட்சத்து நாற்பதாயிரம் ரூபாயும்
நாற்பத்தேழு பேரும்
யார் வாயிலிருந்தும் வெளியே வராமல்
அச்சுக்குப் போனார்கள்.

அலுவலகப் பிரதி என்னிடம் இருக்கிறது.
ஓரத்தில் பென்சிலால்
1. பூமயில்
2. செய்யதம்மாள்
என்று எழுதி வைத்திருக்கிறேன்.
3 என்று போட்டுப் புள்ளியும் வைத்தாயிற்று.
மற்றவர்களிடம் அன்று பெயர் கேட்கத் தோன்றவில்லை.
போய்வரப் பேருந்துக்கு
ஐம்பது அறுபது ரூபாய் ஆகும்.
அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்றுதான்
தெரியவில்லை.