பதினைந்து பங்கு

பாலாற்றில் கணுக்கால் நனையவும் தண்ணீர் இல்லாத
சித்திரைக் கடைசியில்
பாகாயத்துக்குப் பக்கத்தில்
ஒரு நீர்மூழ்கிக் கப்பலை இறக்கினோம்.

அறைதான்.
இரும்புக் கதவு, அடுக்குப் படுக்கைகள்,
நடுவில் ஒரு மறைப்பு, வட்டமாய் ஒரு கண்ணாடி.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்:
இரவு ஷிப்ட், ஒரு நோட்டு, பிளாஸ்கில் டீ.

கடலுக்கடியில் தீப்பிடித்தால் ஓட வாசல் கிடையாது.
அதனால் நெருப்பைப் பட்டினி போடுவது என்று யோசனை.
நூற்றில் இருபத்தொன்றாய் இருக்கிற ஆக்சிஜனை
நைட்ரஜன் விட்டு விட்டுப் பதினைந்தாக்கினால்
காகிதம் எரியாது, துணி எரியாது.
ஆள்?
அதைத்தான் பத்து நாள் எழுதச் சொன்னார்கள்.

முதல் நாளே காட்பாடி லோகிதாசன்
தலை வலிக்கிறது என்று மணியடித்தான்.
விரிஞ்சிபுரத்து ஜெயசந்திரனுக்குத் தூக்கத்தில்
மூச்சு நின்று நின்று வந்தது.
நின்ற நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்,
வட்டிக்கு விட்டவன் போல.

தனகோட்டிக்கு ஒன்றும் இல்லை.
குடியாத்தம். தீப்பெட்டிக் கம்பெனியில்
பெட்டிக்குள் குச்சி அடைக்கிறவள்.
நாள் கூலியைப் போல் மூன்று மடங்கு என்றதும்
மைப்பெட்டியைத் தள்ளிவிட்டு
கையெழுத்துப் போட்டவள்.
விரலில் மாட்டிய கருவி தொண்ணூற்று மூன்று காட்டியது.
மறுநாளும் தொண்ணூற்று மூன்று.
மூன்றாம் நாள் மைக்கில் கேட்டாள்:
"இந்தக் காத்து சமையக்கட்டுக்குக் கெடைக்குமா சார்?"

சிரித்தேன்.
"எங்கக்கா ஸ்டவ் வெடிச்சி செத்துச்சி," என்றாள்.
"அப்பிடித்தான் எழுதினாங்க."

வேறு பேச்சுத் தெரியாமல்
டாக்டர் சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தேன்:
நுரையீரல் அளவைப் பார்க்கும்,
நெருப்பு பங்கைப் பார்க்கும்.
ஏலகிரியைப் போல் இரண்டரை மலை உயரம் ஏறினால்
மூச்சுக்குக் கிடைப்பது இதே அளவுதான்.
ஆனால் அங்கே பீடி பற்றும், இங்கே பற்றாது.

"பங்காளி மாதிரி," என்றாள்.
"ஊட்ல எவ்ளோ கீதுன்னு பாக்கமாட்டான்.
அதுல எனக்கு இன்னா பங்குன்னுதான் கேப்பான்."

டாக்டர் இதற்கு நான்கு படம் வரைந்திருந்தார்.

ஏழாம் இரவு, இரண்டு பத்துக்கு,
கொண்டைக்குள்ளிருந்து இரண்டு குச்சிகளும்
பெட்டியின் மருந்துப் பக்கத்தில் கிழித்த துண்டும் எடுத்தாள்.
சோதித்து உள்ளே அனுப்பியவன் நான்.
மணியை அமுக்க வேண்டும்.
விரல் மணிமேல்தான் இருந்தது.

உரசினாள். சீறியது.
அது மருந்துக்குள்ளேயே கம்பெனி அடைத்துவைத்த காற்று,
அறையிடம் கடன் கேட்காது.
ஒரு நொடி அவள் நெற்றி, மூக்குத்தி, மோவாய் மஞ்சளாய்.
சுடர் இறங்கிவந்து
மரத்தைத் தொட்டு
தயங்கி

விட்டுவிட்டது.

கறுத்த தலையோடு வெள்ளைக் குச்சியைத்
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
இரண்டாவதை உரசி
முந்தானை நுனியில் பிடித்தாள்.

நாற்காலி விழுந்த சத்தம் என்னுடையது.

புடவையில் மிளகளவு ஓர் ஓட்டை.
ஓரம் பழுப்பு. அவ்வளவுதான்.
ஓட்டைக்குள் சுண்டுவிரல் நுனியை விட்டபடி
வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.
என்னைப் பார்க்கவே இல்லை.

நோட்டில்:
இரண்டு பதினான்கு. விழித்திருக்கிறார்.
ஆக்சிஜன் தொண்ணூற்று மூன்று. நாடி நூற்று இருபத்தெட்டு.
காரணம் என்ற கட்டத்தில்
கெட்ட கனவு என்று எழுதினேன்.
அப்படித்தான் எழுதினேன்.

பதினோராம் நாள் கதவு திறந்தது.
வெளியே நாற்பத்திரண்டு டிகிரி, இருபத்தொரு பங்கு,
எதுவும் பற்றிக்கொள்ளக்கூடிய காற்று.
லோகிதாசன் வாய் நிறைய இழுத்துச் சிரித்தான்.
அவள் உறையிலிருந்த பணத்தை இரண்டு தடவை எண்ணினாள்,
குடியாத்தம் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டாள்,
முந்தானையின் அந்த மூலையைக்
கைக்குள் மடக்கிக்கொண்டு போனாள்.