டூகல்டுக்கு, பெட்டியைத் திறந்த பிறகு

டூகல்ட்,
நீங்கள் அனுப்பிய தையல் மெஷின் வந்து சேர்ந்தது.
இரண்டு துண்டாக.

பெட்டியின் நான்கு பக்கமும்
'இது மேலே' என்று சிவப்பு அம்பு வரைந்திருந்தீர்கள்.
கிளாஸ்கோவிலிருந்து ஆஸ்லோ வரை
யாரோ அதற்கு மரியாதை கொடுத்திருக்கிறார்கள்.
அதற்கு வடக்கே அம்பு வெறும் சித்திரம்.

உள்ளே ஒரு குழந்தைப் போர்வை, இரண்டு தலையணை,
பழைய செய்தித்தாள் ஏராளம்.
பாசமாகத்தான் சுற்றியிருக்கிறீர்கள்.
ஆனால் வார்ப்பிரும்பு பாசத்துக்குக் கட்டுப்படாது.
அதற்கு வளையத் தெரியாது, பிஸ்கட்டைப் போல
ஒரே ஒருமுறை ஒடியத் தெரியும்.
கைச்சக்கரத்தைக் கழற்றித் தனியே வைத்திருக்க வேண்டும்.
மரமூடியைப் பூட்டியிருக்கக் கூடாது.
பதினொரு கிலோ இருட்டுக்குள் குலுங்கும்போது
முதலில் சரணடைவது பூட்டுதான்.

கராஷோக்கில் தபால் நிலையம்
மளிகைக் கடைக்குள், பால் அலமாரிக்குப் பக்கத்தில்.
ஒட்வார் துண்டுகளைத் தராசில் வைத்துப் பார்த்தான்.
"எடை குறையவில்லையே ரிஸ்டின்,
எதற்கு நஷ்டஈடு?"
படிவத்தில் 'பொருளின் வயது' என்றொரு கட்டம்.
எழுபத்தொன்று என்று எழுதினேன்.
உயிருள்ளவற்றுக்கு வேறு படிவம் என்றான்.
சிரித்துவிட்டேன். கோபம் அங்கேயே போயிற்று.

நான் ஏன் வாங்கினேன் என்று நீங்கள் கேட்கவில்லை.
அலங்காரத்துக்கு என்று நினைத்திருப்பீர்கள்.
என்னிடம் பதினான்கு நாய்கள்.
பதினான்கை நான்கால் பெருக்குங்கள்:
ஒரு ஓட்டத்துக்கு ஐம்பத்தாறு காலுறை.
பனிக்கட்டி உரசினால் இரண்டே நாளில் கந்தல்.
என் கொட்டகையில் ஜனவரி என்றால்
பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்து நான்கு.
போன வருஷம் வாங்கிய மின்சார மெஷின்
தன் பிளாஸ்டிக் பற்களை
ஒவ்வொன்றாகத் துப்பியது.

சரி, கதைக்கு வருகிறேன்.
என்னிடம் ஏற்கெனவே ஒரு பிணம் இருந்தது,
கௌட்டோகெய்னோ சர்ச் ஏலத்தில் எடுத்தது.
உங்களுடையதேதான், அதே அச்சு.
உடம்பில் கீறல் இல்லை.
உள்ளே மட்டும் எல்லாம் கல்.
எந்தப் புண்ணியவானோ
சமையல் எண்ணெய் விட்டிருக்கிறார்.

ஒன்பது நாள் மண்ணெண்ணெயில் ஊறவைத்தேன்.
மருமகன் ஐலு ஹேர் டிரையரைக் கொண்டுவந்தான்,
மகள் தேடிக்கொண்டிருந்தாள், சொல்லவில்லை.
பத்தாம் நாள் ஊசித்தண்டு ஒரு மயிரிழை இறங்கியது.
அவ்வளவுதான். பிறகு மறுத்துவிட்டது.
உங்கள் மெஷினின் தண்டையும் நாடாவையும்
அதற்குள் குடியேற்றினேன்.
அரைச் சுற்றுக்கு ஒருமுறை முரண்டு.
பீர் டின்னில் வெட்டிய தகடு ஒன்றை
அண்டக் கொடுத்தேன், சமாதானம் ஆயிற்று.

ஊசித் தகட்டுக்கு அடியில்
பஞ்சுத்தூசி ஒரு விரல் தடிமன்.
காக்கி, அதன்மேல் வெள்ளை, அதன்மேல் பூப்போட்ட ஏதோ.
யாருடையது என்று யோசிக்கவில்லை.
அடுப்பில் போட்டேன். நன்றாகப் பிடித்தது.

நேற்று முதல் காலுறை.
ஸ்காலு முகர்ந்தது, போட விட்டது,
நான்கடி நடந்து பல்லால் உருவி எறிந்தது.
எடுத்துப் பார்த்தேன்.
வார் போயிருந்தது, தையல் போகவில்லை.

பணத்தைத் திருப்ப வேண்டாம்.
உங்கள் மெஷினின் உடைந்த கையை
வாசலில் பனிக்குள் புதைத்திருக்கிறேன்.
குட்டி நாய்களின் சங்கிலிக்கு முளை.
அதில் பாதி ஸ்பிங்க்ஸ் முகம் தெரிகிறது,
மீதியை யாருடைய முழங்கையோ
எப்போதோ தேய்த்துவிட்டிருக்கிறது.
ஏழு குட்டிகள் இழுக்கின்றன. அசையவில்லை.

பின்குறிப்பு.
ஐலுவுக்கும் ஒன்று வேண்டுமாம்.
இந்த முறை
சக்கரம் தனி, மூடி தனி.
கழுத்துக்கும் மேடைக்கும் நடுவே
மரக்கட்டை முட்டுக் கொடுங்கள், அசையாமல்.
அம்பு வரைய வேண்டாம்.
எப்படித் தலைகீழாக உருட்டினாலும்
பிழைக்கிற மாதிரி கட்டுங்கள்.