குமிழ் நின்ற இடம்

ராணிப்பேட்டையில் எங்கள் கம்பெனி வாசலில்
நாற்பது ரூபாய்க்குப் பேரம் பேசி வாங்கினேன்,
ஷூ ஏற்றுமதிப் பெட்டியின் ஒரு பக்கத்தை.
பஸ்ஸில் அதைக் கட்டிப்பிடித்து நின்றேன்.
மேல்விஷாரத்தில் ஏறியவர் எல்லாம் முறைக்க,
கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டார்.
"அதுவும் நின்னுக்கினுதான் சார் வருது" என்றேன்.

பலகையில் கறுப்பு மையில் ஒரு குடை,
ஒரு கண்ணாடிக் கோப்பை,
மேல்நோக்கி இரண்டு அம்புகள்.
எந்த நாட்டு மழைக்குப் பயந்த குடையோ,
காகிதப்பட்டறைக்கு வந்து சேர்ந்தது
கத்திரி வெயிலில்.

ஞாயிற்றுக்கிழமை.
முனிரத்தினம் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க
வீடெல்லாம் மர வாசம்,
அதன் நடுவே முள் கத்தரிக்காய்
எண்ணெயில் வதங்கும் வாசம்.
மரத்தூள் விழுமென்று நான் சட்டியை மூட,
மூடிமேல் ஆணிகளைக் கொட்டி வைத்தார் அவர்.
எடுக்கும்போது "ஐயோ சுடுது" என்று கத்தியதும் அவரே.

தாங்குவதற்குக் கொணவட்டத்துப் பழைய சாமான் கடையில்
இரண்டு இரும்பு ஆங்கிள் கிடைத்தது.
ரசமட்டம்தான் இல்லை.
கடையில் விலை கேட்டுத் திரும்பி வந்தோம்.
மோனிஷா தேடி எடுத்தாள்,
சித்தப்பா கல்யாணத்தில் மீந்த பன்னீர் பாட்டிலை.
ஒரு குமிழுக்கு மட்டும் இடம் விட்டுத்
தண்ணீர் நிரப்பி மூடினாள்.
உருளாமல் இருக்க இரு பக்கமும் துணி கிளிப்.
பலகைமேல் படுக்க வைத்தாள்.
குமிழ் ஓடியது, யோசித்தது,
திரும்பி வந்து நடுவில் நின்றது.
பாட்டிலைத் தலைமாற்றி வைத்தாள். அப்போதும் நடுவில்.
"அடிங்கப்பா, சீக்கிரம், யாரும் மூச்சு விடாதீங்க."

அடித்து முடித்து எட்ட நின்று பார்த்தால்
கோணல்.
ஜன்னல் பக்கம் ஒரு விரல் ஏற்றம்,
மூலைப் பக்கம் ஒரு விரல் இறக்கம்.
அவர் என்னைப் பார்த்தார்.
நான் பன்னீரைப் பார்த்தேன்.
பிடுங்கினார், மறுபடி அடித்தார்,
குமிழ் அதே இடத்தில், கோணல் அதே கோணலில்.

அப்புறம் மோனிஷா பாட்டிலை எடுத்துப்போய்
ஜன்னல் கட்டையில் வைத்தாள்.
குமிழ் ஓடி ஓரத்தில் ஒளிந்தது.
வாசற்படியில் வைத்தாள். அங்கேயும் ஓடியது.
கிளிப்பைக் கழற்றித் தரையில் வைத்தாள்.
பாட்டிலே ஓடியது.

ஆறு வருஷ வாடகை.
சரிவில்தான் தூங்கியிருக்கிறோம்.
தோசை மாவு ஏன் எப்போதும்
பீரோ பக்கமாகவே போகிறது என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.
அதுவரை அடுப்பைத் திட்டினேன்,
சில நாள் என் கையை.

வருகிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள்.
"இன்னாம்மா, பலகை கோணலா கீது?"
பர்வீன் அக்கா தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு
"கொஞ்சம்தான்" என்று ஆறுதல் சொன்னார்.
வாடகைக்கு வந்த லோகநாதன்
"சுவத்துல ஆணி, அதுவும் கோணலா" என்றார்.
ஒரு டம்ளர் தண்ணீரை
விளிம்பு வரை தளும்பத் தளும்ப ஊற்றி
அவர் முன்னால் அந்தப் பலகையில் வைத்தேன்.
எந்தப் பக்கமும் ஒரு சொட்டு வழியவில்லை.
அவர் எடுத்துக் குடித்துவிட்டுப் போனார்.
கவனிக்கவே இல்லை.
மோனிஷா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு
பின்கட்டுக்கு ஓடினாள்.

எலுமிச்சை ஊறுகாய் ஜாடி, காம்பஸ் பெட்டி,
கரண்டு போனால் ஏற்றும் மெழுகுவர்த்தி,
எல்லாம் இப்போது அதன்மேல்.
அம்புகள் சமையலறையைக் காட்டுகின்றன.
குடை படுத்துக் கிடக்கிறது.

ராத்திரி விளக்கை அணைக்கும் முன்
முனிரத்தினம் பலகை ஓரமாக
விரலை ஓட்டிப் பார்க்கிறார்.
வழவழவென்று போகும்.
மூலைக்கு முன்னால் ஓர் இடம்
உப்புத்தாள் படாமல் விட்டுப்போயிருக்கிறது,
சிராய் குத்தும்.
தெரிந்தும் தினமும்
அதுவரை போகிறது விரல்.