முப்பது மில்லி

கிளினிக் தராசு
நூற்றிருபதோடு நின்றுவிட்டது.
நர்ஸ் முள்ளைத் தட்டிப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
பிறகு சுவரைப் பார்த்தாள்.

அன்று பின்னேரம்
தம்பி தயாபரனின் சீமெந்துக் கடையில்
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
மூட்டை நிறுக்கும் இரும்புத் தட்டில் ஏறினேன்.
அவன் வாய் திறக்கவில்லை.
துண்டில் எழுதி, மடித்து,
கடன் சீட்டுப் போலக் கையில் தந்தான்.
நூற்று முப்பத்தெட்டு.
மூன்று மூட்டைக்குப் பன்னிரண்டு கிலோ குறைவு.

கொழும்புக்கு இரவு ரயில்.
கந்தளாயில் கச்சான்காரன் ஏறினான்.
"நீராகாரம் மட்டும்" என்று எழுதித் தந்த தாளை
மடியில் விரித்து
அதன்மேல் கொட்டித் தின்றேன், இரண்டு சுருள்.
டொக்டருக்கு இன்றுவரை சொல்லவில்லை.

ஐந்து ஓட்டை.
உள்ளே மிஞ்சியது ஒரு கப்பல் பழத்தின் அளவு.
வெட்டினதை என்ன செய்தீர்கள் என்று
மயக்கம் தெளிய முதலே கேட்டேனாம்.
பரிசோதனைக்கு அனுப்பியாச்சு என்றார்கள்.
நாற்பத்திரண்டு வருடம் எனக்காக உழைத்த ஒன்று
போத்தலுக்குள், என் பெயரை ஒட்டிக்கொண்டு,
எந்தப் பாதையால் போனதோ.
வழியனுப்பக்கூட இல்லை.

வீட்டில்
பாணி மருந்தின் மூடிதான் எனக்குப் பீங்கான்.
முப்பது மில்லி.
வடித்த மரக்கறித் தண்ணீர், அதற்குக் கால் மணி நேரம்.
பக்கத்து வீட்டில் சூடை பொரிந்தது.
வயிறு ஒன்றும் கேட்கவில்லை.
வாய்தான் அழுதது.
இரண்டும் வேறு வேறு ஆட்கள் என்று
இவ்வளவு காலமும் எனக்குத் தெரியாது.

தொண்ணூறாம் ஆண்டு, முகாமில்,
நான் நக்கித் துடைத்த அலுமினியக் கோப்பையை
அம்மா கழுவ வேண்டியிருக்கவில்லை.
அதற்குப் பிறகு எங்கள் வீட்டில்
மிச்சம் என்ற சொல்லே இல்லை.
இப்போது
நேரத்துக்கு நேரம் மிச்சம்.
அரை இடியப்பம்.
அவித்த முட்டையின் ஓரம்.
கொட்டக் கை வராமல்
கேற்றடிக்குக் கொண்டுபோனேன்.
மான் வந்தது.
எங்கள் ஊரில் நாய்க்கு முன்னம் மான் வரும்.
எட்டு மாதத்தில்
நான் நாற்பத்தொரு கிலோ இறங்க
அது தொப்பை வைத்துவிட்டது.

கந்தோரில் குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள்:
"என்ன வருத்தம், பிள்ளை?
சீனியா?"
மற்ற வருத்தத்தின் பெயரை வாயால் சொல்லாமல்
கண்ணால் கேட்டார்கள்.
குண்டாயிருந்தபோது கீரை சாப்பிடச் சொன்னவர்களே
கஞ்சி குடிக்கச் சொன்னார்கள்.
ஹினாயா மட்டும்
கோப்புகளை அடுக்கியபடி
"வலிச்சதா?" என்றாள்.
கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன்.

தலைமுடி சீப்போடு வந்தது.
மேல்கைத் தோல்
காற்றுச் செத்த பாய்மரம்.
சித்திரை வெயிலிலும் நீளக் கைச் சட்டை.
இதை ஒருவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.
சொல்லியிருந்தாலும் போயிருப்பேன்.

நிலாவெளி பஸ்ஸில்
இரண்டு பேர் இருக்கிற சீற்றில்
வருடக்கணக்காக நான் ஒருத்தி.
எவ்வளவு நெரிசலிலும்
ஆட்கள் கம்பியைப் பிடித்து நிற்பார்கள்.
மிஞ்சிய நாலு விரல் இடத்தில்
கைப்பையை வைத்துக்கொள்வேன்,
யாருக்கோ இடம் பிடித்து வைத்திருக்கிறவள் போல.

நேற்று உப்புவெளியில் ஏறிய ஒருத்தி
"கொஞ்சம் தள்ளுங்கோ அக்கா" என்றாள்.
தள்ள இடம் இருந்தது.
மடியில் நண்டுப் பை.
உள்ளே இன்னும் உயிரோடு ஏதோ சுரண்டியது.
சாம்பல்தீவு வருமுன்னரே
என் தோளில் சாய்ந்து
வாய் பிளந்து நித்திரையானாள்.

பழைய தோள் என்றால் பஞ்சு.
இப்போது எலும்பு.
குத்தியிருக்கும்.
அவள் எழும்பவில்லை.

நான் இறங்கும் இடம் வந்தது.
மணி அடிக்கவில்லை.