ஐந்தாவது நிறுத்தம்

வடசேரி பஸ் ஸ்டாண்டு வாசலில் நாலரைக்கு வரச் சொல்லியிருந்தேன்.
எட்டுப் பேர் பணம் கட்டி
ஆறு பேர் வந்தார்கள்.
சாரல் வேறு,
பெய்யட்டுமா வேண்டாமா என்று கேட்டுக்கொண்டே பெய்கிற சாரல்.

முதலில் எச்சரிக்கை:
யாரும் வயிறு நிறையத் தின்னக் கூடாது,
பாதி போதும், மீதியை என் பையில் போடுங்கள்.
அந்தப் பைதான் என் வீட்டு ராச்சாப்பாடு என்பதைச்
சொல்வதில்லை.

ரசவடையில் தொடங்கினோம்.
கிண்ணத்தில் கழுத்துவரை முங்கிக் கிடந்தது,
கரண்டி தொட்டதும் விட்டுக்கொடுத்தது.
பெங்களூர்த் தம்பதி படம் எடுத்து முடிப்பதற்குள்
ரசம் ஆறிவிட்டது.
ஆறினால் அது வேறு வடை என்றேன்,
புதிதாக இரண்டு வாங்கிக் கொடுத்தேன், என் கணக்கில்.

மணிமேடைக் கடிகாரப்படி
பதினைந்து நிமிடம் பிந்தியிருந்தோம்.
ஏத்தங்காய் வறுக்கிறவர் எங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டே
சீவலை நேரே எண்ணெய்க்குள் விட்டார்.
விரலுக்கும் கொதிப்புக்கும் இடையே ஒரு சாண்.
பெயர் கேட்டார்கள்.
"நாகமணி. எங்கயும் எழுதிப் போடாண்டாம்,
முனிசிபாலிட்டிக்காரன் வருவான்."

முந்திரிக்கொத்தில் முந்திரி எங்கே
என்று இன்றும் ஒருவர் கேட்டார்.
பெயரில் இருக்கிறது, சார்.
உள்ளே சிறுபயறும் கருப்பட்டியும்,
பிரிக்க மனமில்லாமல் ஒட்டிக்கொண்ட மூன்று உருண்டைகள்.

நான்காவதாக ஓர் அல்வாக் கடை உண்டு.
தலைக்கு இருபது ரூபாய் கமிஷன் கேட்ட நாளிலிருந்து
வேப்பமூடு வந்ததும்
"எதிர்ப்பக்கம் பாருங்கள், பூங்கா" என்கிறேன்.
நெய் வாசனை மட்டும்
இலவசமாய்க் கூட நடந்து வந்தது.

செட்டிகுளம். ஸ்டெல்லாபாயின் கிழங்குக் கடை.
இங்கே எனக்கு மனப்பாடமான ஒரு வரி இருக்கிறது,
மூன்று வருடமாக மாற்றாத வரி:
"இது எங்க மண்ணுல பொறந்த மரச்சீனி."
சொல்லிவிட்டு,
நடுவே ஓடும் நரம்பை எடுத்துவிட்டுத் தின்ன வேண்டும்
என்று காட்டித்தரத் திரும்பினால்

அதுவரை வாய் திறக்காத யோலாந்தா
துண்டைப் பிளந்து
நரம்பை ஒரே இழுப்பில் உருவி
இலையோரம் வைத்திருந்தார்.
கொலம்பியாக்காரி. முட்டத்தில் அறை.
"யூகா" என்றார்,
தெருவில் சொந்தக்காரனைக் கண்டதுபோல.

போனில் படம் காட்டினார்:
அவர் ஊர்க் கடற்கரையில்
பாத்திரத்தைத் தலையில் சுமந்து வரும் பெண்,
இதே கிழங்கைத் துருவி, தேங்காயும் சோம்பும் போட்டுச்
சுட்ட பழுப்பு நிறத் துண்டுகள்.
அவர் கண்டத்திலிருந்துதான் கிழங்கு கடல் கடந்ததாம்.
நான் மொழிபெயர்த்தேன். பாதியில் குரல் இறங்கியது.

ஸ்டெல்லாபாய் அகப்பையை நிறுத்தினாள்.
"அப்பம் இவ்வளவு நாளும்
இவிய கிழங்கையா நான் வித்தேன்?"
ஆமாம் போல.
"செரி, மொளவா நம்மளதாக்குமே?"
அதுவும் அங்கிருந்துதான் என்றார் யோலாந்தா,
அந்த மிளகாயால் கண்ணில் நீர் வழிய.
"நெத்திலி?"
நெத்திலி குளச்சல், அக்கா. இன்றைக்குக் காலையில் வந்தது.
"அது போரும்" என்று
இன்னொரு கரண்டி ஊற்றினாள்,
பிறகு,
"சோம்பா? கிழங்குக்கா?" என்று
தனக்குள் இரண்டு தடவை.

கோட்டாறு போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது.
சுக்குக் காப்பி, நன்றி, கைகுலுக்கல்.
பஸ்ஸில் வரும்போதே நட்சத்திரம் வந்தது: ஐந்துக்கு நான்கு.
"வழிகாட்டிக்குக் கிழங்கைப் பற்றி
இன்னும் கொஞ்சம் தெரிந்திருக்கலாம்."
யார் எழுதியது என்று பார்க்கவில்லை.

வீட்டில் ப்ளெசி பையைக் கவிழ்த்தாள்:
அரை வடை, கொத்தில் ஓர் உருண்டை,
நமுத்துப்போன சீவல்.
"கெழங்கு எங்க?"
இல்லை, மக்களே.
இன்று ஒருவரும் மீதி வைக்கவில்லை.