நாற்பத்திரண்டு மில்லிமீட்டர்

எட்டு மாடி என்றார்கள். மரத்தில்.
நாயுடுபுரத்தில் பேக்கரிக்கு மேல் என் அலுவலகம்;
பன் வேகும் வாசனையில்தான் கணக்குப் போடுகிறேன்.

காங்கிரீட் என்றால் கை தானாகப் போகும்.
மரம் விசாரிக்கும்:
எந்தச் சரிவில் வளர்ந்தேன், வெட்டி எத்தனை மாதம்,
நவம்பர் மஞ்சை எவ்வளவு குடித்திருக்கிறேன்.

சோலையில் ஒரு குச்சியும் தொடவில்லை.
யாரோ எப்போதோ நட்டுவிட்டுப் போன பைன்,
புல்வெளியெல்லாம் பிடிவாதமாய்ப் பரவிய சீகை.
குறுக்கும் நெடுக்குமாய்ப் பலகை அடுக்கி
பசையிட்டு அழுத்தினால் சுவர்.

முதல் வருடத்தில் கட்டடம்
ஒரு விரலகலம் குள்ளமாகும்.
தண்ணீர்க் குழாய்களுக்கு
இதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

சோதனைக்கு ஒரு தூணைக் கொல்லையில் நட்டோம்.
மூன்றாம் நாள் விடியலில் குழந்தைவேலு போன் செய்தான்,
பூம்பாறைக்காரன்,
பூண்டு விலை தவிர எதற்கும் பதறாதவன்:
"மேடம், மாடு வந்து முதுகு தேய்க்குது."
காட்டுமாடு. ஆயிரம் கிலோ அரிப்பு.
காற்றுக்கு எண் உண்டு, நிலநடுக்கத்துக்கு உண்டு,
இதற்கு விதிநூலில் வரி இல்லை.
போய்ப் பார்த்தபோது தூண் நேராகவே நின்றது.
நூல்குண்டின் கயிற்றில் மட்டும்
கொஞ்சம் ரோமம்.

பிறகு தீ.
எல்லோரும் முதலில் கேட்பது, நான் கடைசியில் போடும் கணக்கு.
மரம் அவசரமில்லாமல் எரியும்:
நிமிடத்துக்கு முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை.
கரியே கம்பளியாகிவிட, உள்ளே
மரம் மரமாகவே நிற்கும்.
ஆகவே ஒவ்வொரு தூணிலும்
எதையும் தாங்காத நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் சேர்க்கிறேன்.
எரிவதற்கென்று.
அதன் பெயர் ஒரு மணி நேரம்.

அந்த ஒரு மணி நேரத்தில் இறங்குவது யார்?
கணினி கேட்காது. நான் கேட்டேன்.
எட்டாம் மாடியில் சலேத்மேரியைக் குடிவைத்தேன்,
தபால் ஆபீஸில் முப்பது வருடம் முத்திரை குத்தியவள்,
இடது முழங்கால் மடங்காது, ஒரு பூனை உண்டு.
நூற்றி நாற்பத்திநாலு படி.
திருப்பத்துக்குத் திருப்பம் நிற்பாள்,
மாத்திரை எடுத்தேனா என்று கைப்பையைத் துழாவுவாள்.
இருபது நிமிடம்.
அவள் வாசலைத் தொடும்போது
தூணில் பதினாலு மில்லிமீட்டர் போயிருக்கும்.

நகராட்சியிலிருந்து கோப்பு திரும்பி வந்தது.
மலையில் இவ்வளவு உயரம் ஆகாதாம்.
சரிதான். மழையில் சாலை இறங்கிப்போனதை
நானும் பார்த்தவள்.

கோபுரத்தைச் சரிவில் படுக்கவைத்தேன்.
எட்டு மாடியும் எட்டு வரப்பாக,
ஒன்றின் கூரை அடுத்ததன் முற்றமாக.
ஏறும் உயரம் அதேதான், விழும் உயரம் போயிற்று.

இப்போது சலேத்மேரி கதவைத் திறந்தால் மண்.
"அந்த நாற்பத்திரண்டு எதற்கு?
குறைத்தால் மூன்று லாரி மரம் மிச்சம்"
என்கிறார் பணம் போடுகிறவர்.

நான் குறைக்கவில்லை.
பூனையைத் தேடி
அவள் திரும்ப உள்ளே போவாள்.